ஏன் என்று கேட்கக் கற்றுத்தந்த பேராசிரியர்

நாடிழந்த ஆசிரியர் ஒருவர் விட்டுவந்தவற்றுள் மிகப் பெரியது வீடோ நூலகமோ அன்று. தம்மைச் சூழ்ந்திருந்த மாணவர் கூட்டமே. அதனை அயல்நாட்டில் மீண்டும் உருவாக்கிக்கொண்டவர்கள் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் பேராசிரியர் போல் லாசர்ஸ்பெல்ட். விளம்பரமும் வானொலியும் மனித மனத்தில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதைப் பல்கலைக்கழக ஆய்வுக்குரிய பொருளாக்கிய முன்னோடி அவர்.

1901ஆம் ஆண்டு வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இளமையிலேயே சோசலிச இளைஞர் இயக்கத்தில் ஈடுபட்ட அவர், 1925இல் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பாடசாலையில் கணிதமும் பௌதிகமும் கற்பித்துக்கொண்டே, பல்கலைக்கழகத்தின் உளவியல் நிறுவனத்தில் புள்ளிவிபரவியல் கற்பிக்கலானார். யூதர் ஒருவருக்கு அங்கே பேராசிரியர் பதவி எளிதில் கிட்டும் காலமன்று அது. எனவே 1931இல் இளம் ஆய்வாளர்களைச் சேர்த்துத் தாமே ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். சப்பாத்து, சவர்க்காரம், கோப்பி முதலியவற்றை விற்போருக்காகச் செய்த ஆய்வுகளின் வருவாயே அந்நிலையத்தைத் தாங்கியது.

ஒரு பொருளை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால் மனிதர் வாயில் வந்ததைச் சொல்வர். லாசர்ஸ்பெல்ட் அந்த ஒரு வினாவைப் பலவாகப் பிரித்தார். வாங்கத் தூண்டிய தேவை எது, யார் சொல்லக் கேட்டது, பொருளின் எந்தக் குணம் பிடித்தது எனத் தனித்தனியே கேட்கச் செய்தார். சலவை நிலையம் ஒன்றுக்காகச் செய்த ஆய்வில், குடும்பப் பெண்கள் பலர் முதன்முதலில் அங்கு துணி அனுப்பியது பிள்ளைக்கு நோய், எதிர்பாராத விருந்தினர் போன்ற நெருக்கடிகளின்போதே எனத் தெரியவந்தது. வணிகத்துக்கு அது பயன்பட்டது. மனிதரின் முடிவுகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை அறியும் வழியும் அவருக்குத் திறந்தது.

அதே முறையைத் துன்பத்தை அளக்கவும் அவர் பயன்படுத்தினார். வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியந்தால் என்ற ஊரில் ஆலை மூடப்பட்டு, ஊரே வேலையின்றித் தவித்தது. சோசலிசத் தலைவர் ஒட்டோ பவரின் தூண்டுதலால் லாசர்ஸ்பெல்ட் குழுவினர் அங்கு சென்றனர். ஊருக்குப் பயன்படும் பணியொன்றைச் செய்யாமல் எவரும் வெறும் பார்வையாளராக இருக்கக்கூடாது என்பது குழுவின் விதி. உடுப்புச் சேகரித்து வழங்கினர். மருத்துவ ஆலோசனைக்கு ஒழுங்குசெய்தனர். வீதியில் செல்வோரின் நடைவேகத்தையும் கணக்கிட்டனர். நேரம் மிகுதியாக இருந்த ஆண்களே மெதுவாக நடந்தனர். அடிக்கடி தரித்து நின்றனர். கட்டணம் நீக்கப்பட்ட பின்பும் நூலகத்தில் இரவல் பெறுவோர் குறைந்தனர். வேலையிழப்பு மக்களைக் கிளர்ச்சிக்கு இட்டுச் செல்வதிலும் பார்க்கச் சோர்வில் ஆழ்த்துகிறது என்ற கசப்பான உண்மை வெளிப்பட்டது. 1933இல் லைப்சிக்கில் அந்நூல் வெளியானபோது, ஆசிரியர்கள் யூதர்கள் என்பதால் அட்டையில் அவர்களது பெயர்கள் இடம்பெறவில்லை.

அதே ஆண்டு றொக்பெல்லர் புலமைப்பரிசிலில் அவர் அமெரிக்கா சென்றார். 1934 பெப்ரவரியில் ஒஸ்திரியாவில் சோசலிசக் கட்சி தடைசெய்யப்பட்டது. திரும்பும் பாதை அடைபட்டது. மரியந்தால் ஆய்வின் தூணாக விளங்கியவரும் அவரது முதல் மனைவியுமான மரி யகோடா 1936இல் சிறைப்பட்டு, பின்னர் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார்.

பேச்சில் வியன்னா வாடை மாறாத அந்த அகதி சோர்ந்திருக்கவில்லை. நூவாக்கில் ஒரு நிலையம், 1937இல் பிரின்ஸ்டன் வானொலி ஆய்வுத் திட்டம், பின்னர் நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற சமூக ஆய்வுப் பணியகம் எனத் தாம் இழந்ததை மீண்டும் கட்டினார். மாணவர்களை உடனுழைப்பாளர்களாகவே நடத்தினார். அவருடைய நூல்களிற் பல கூட்டாக எழுதப்பட்டமை அதற்குச் சான்று. ஜேம்ஸ் கோல்மன், எலிகு கட்ஸ் போன்ற பெரும் ஆய்வாளர்கள் அக்கூடத்தில் உருவானவர்கள்.

1940 அமெரிக்கத் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் 600 பேரை மாதந்தோறும் சந்தித்து அவர் ஆராய்ந்தார். வானொலியும் பத்திரிகையும் மனங்களைப் புரட்டிப்போடுகின்றன என்ற நம்பிக்கை பொய்த்தது. அயலவர், உறவினர், உடன்வேலை செய்வோர் ஆகியோரின் சொல்லே வலிமைமிக்கதாக இருந்தது. கட்ஸுடன் இணைந்து 1955இல் வெளியிட்ட நூலில், 800 பெண்களிடம் நடத்திய ஆய்வின் வழியே இக்கருத்தை அவர் விரித்துரைத்தார். விளம்பரத்துறை இன்றும் இம்முடிவின் மீது தன் திட்டங்களை வகுக்கிறது.

அவரைக் குறைகூறியோரும் உண்டு. அவருடன் பணியாற்றிய அடோர்னோ, பண்பாட்டை அளவுகோலால் அளக்க முடியாதென முரண்பட்டார். வணிக நிறுவனங்களின் பணத்தில் ஆய்வு நடத்துவது அறிவின் சுதந்திரத்தைப் பாதிக்காதா என்ற வினா இன்றும் உயிருடன் இருக்கிறது. எனினும், மக்கார்த்தியின் காலத்து அச்சம் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர்களை எவ்வாறு பாதித்தது என்பதை 1958இல் நூலாக்கியவரும் இதே லாசர்ஸ்பெல்ட் தான்.

1963இல் வியன்னாவில் உயர்கல்வி ஆய்வு நிறுவனமொன்று எழ அவரும் காரணராயிருந்தார். தம்மை ஏற்க மறுத்த நகருக்கு அவர் தந்த விடை அது. 1976இல் நியூயோர்க்கில் அவர் மறைந்தார். மூன்றாண்டுகளின் பின் நண்பர்களும் மாணவர்களும் அவர் நினைவாகக் கட்டுரைத் தொகுதியொன்றை வெளியிட்டனர். ஆய்வு நிலையத்தின் கதவை அரசு பூட்டிவிடலாம். ஓர் ஆசிரியர் மாணவரிடம் விதைத்த கேள்வியைப் பூட்ட இயலாது என்பதே அவரது வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற செய்தி.