கன்னங்கராவும் சமவாய்ப்பும்

அம்பலாங்கொடையை அடுத்த ரண்டொம்பேயில் 1884 ஒக்டோபர் 13 ஆம் திகதி பிறந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, புலமைப்பரிசில் ஒன்று கிடைத்திராவிடின் ஊர்ப் பாடசாலையுடனேயே நின்றிருக்கக்கூடும். காலி ரிச்மன்ட் கல்லூரியின் அதிபர் டாரெல் அச்சிறுவனின் திறமையைக் கண்டு அவனைத் தமது கல்லூரியில் சேர்த்துக்கொண்டார். கணித ஆசிரியராகவும் பின்னர் சட்டத்தரணியாகவும் விளங்கிய அவர், 1931 இல் கல்வி அமைச்சரானார். 1947 வரை அப்பொறுப்பை வகித்தார்.

தமக்குத் தற்செயலாகக் கிடைத்தது எல்லோருக்கும் உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு. அன்று கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களின் ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் செலுத்த இயன்றவர்களுக்கே திறந்திருந்தன. ஹெந்தளை போன்ற கரையோர ஊர்களின் ஏழைக் குடும்பங்களுக்கு அவை எட்டாதவை. கன்னங்கரா தலைமை தாங்கிய விசேட குழு 1943 இல் அறிக்கை சமர்ப்பித்தது. செலவைக் காட்டி எதிர்த்தோர் ஒருபுறம், சமய நிறுவனப் பாடசாலைகளின் சுதந்திரம் பறிபோகும் என அஞ்சியோர் மறுபுறம். எனினும் 1945 ஒக்டோபர் முதல், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்களும் எழுந்தன. இத்தனைக்கும் பின் 1947 தேர்தலில் மத்துகம வாக்காளர் அவரைத் தோற்கடித்தனர் என்பது விந்தையே.

1969 செப்டெம்பர் 23 ஆம் திகதி அவர் காலமானார். இரண்டே ஆண்டுகளில், சமத்துவத்தின் பெயராலேயே தரப்படுத்தல் வந்தது. மருத்துவக் கல்விக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளிகளும் வெட்டுப்புள்ளிகளாயின. தாய்மொழிக் கல்வி வாய்ப்பை விரிவாக்கவே கொணரப்பட்டது. அதுவே புள்ளிகளைப் பிரித்து எண்ணும் வழியாயிற்று. 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டை முற்றாக மறுப்பதும் நியாயமன்று. யாழ்ப்பாணமும் கொழும்பும் இடங்களை இழந்தன. ஆய்வுகூடமே காணாத வன்னிப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு முதன்முறையாகக் கதவு திறந்தது. ஆனால் கன்னங்கரா பாடசாலையைக் கட்டி ஏற்றத்தாழ்வைக் குறைக்க முயன்றார். பின்வந்தோரோ பெறுபேற்றைத் திருத்தினர். இரண்டும் ஒன்றல்ல.

அவரது திட்டத்திலும் ஒரு பெருங்குறை இருந்தது. மலையகத் தோட்டப் பாடசாலைகளுள் பெரும்பாலானவை 1970களில்தான் அரசின் பொறுப்புக்கு வந்தன. அதுவரை அப்பிள்ளைகள் பலருக்கு இலவசக் கல்வி என்பது ஓர் ஆசிரியரும் ஒரே அறையுமாகவே இருந்தது.