முகத்தை மூடி உடலைப் பேசவைத்த ஆசான்

நடிப்பு என்றவுடன் முகபாவமும் வசன உச்சரிப்புமே எம்மிற் பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆனால் நடிகனின் முகத்தை மூடிவிட்டு அவனது உடலைப் பேசப் பழக்கியவர் ஒருவர் இருந்தார். இருபதாம் நூற்றாண்டில் மேற்குலக நடிகர் பயிற்சியின் போக்கையே மாற்றியவர்களுள் ஒருவரான பிரான்ஸ் நாட்டின் ஜாக் கொப்போவே அவர்.

1879 பெப்ரவரி 4ஆம் திகதி பாரிஸ் நகரில் பிறந்த கொப்போ, தந்தையின் மறைவுக்குப் பின்னர் சிறிது காலம் குடும்பத்தின் இரும்புத் தொழிற்சாலையை நிர்வகித்தார். பின்னர் நாடக விமர்சகராகப் பெயர் பெற்றதுடன், ஆந்த்ரே ஜீட் முதலானோருடன் இணைந்து இலக்கிய சஞ்சிகையொன்றையும் தோற்றுவித்தார். பகட்டான காட்சியமைப்பும் பிரபல நடிகர்களின் தன்முனைப்பும் அரங்கைச் சீரழிப்பதாகக் கருதிய அவர், விமர்சித்ததோடு நின்றுவிடவில்லை. 1913 ஒக்டோபரில், தமது 34ஆவது வயதில், வியூ கொலம்பியே என்ற அரங்கைத் திறந்து, அலங்காரமற்ற மேடையில் நாடகங்களை அளிக்கலானார்.

முதலாம் உலகப் போர் அப்பணியை இடைநிறுத்தியது. எனினும் அந்த இடைவெளியை அவர் வீணாக்கவில்லை. 1915இல் புளோரன்ஸ் நகரில் கோர்டன் கிரெய்க்கையும், ஜெனீவாவில் இசைக்கேற்ற உடலசைவைக் கற்பித்த டல்குரோஸையும் சந்தித்தார். 1917 முதல் 1919 வரை நியூயோர்க்கில் நாடகங்களை அளித்துவிட்டுத் திரும்பி, 1920இல் பாரிஸ் அரங்கை மீளத் திறந்தார். புதிய நாடகத்துக்குப் புதிய நடிகன் வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்த அவர், நடிகை சுசான் பிங்கின் துணையுடன் அரங்கோடு இணைந்த நடிப்புப் பாடசாலையைக் கட்டியெழுப்பினார்.

ஒத்திகையொன்றில் கூச்சத்தினால் உடல் விறைத்து நின்ற இளம் நடிகையின் முகத்தை அவர் கைக்குட்டையால் மூடியதாகவும், மறுகணமே அந்த உடல் இறுக்கம் தளர்ந்து இயங்கத் தொடங்கியதாகவும் கூறப்படுகின்றது. பாடசாலையின் முகமூடிப் பயிற்சி இந்த அனுபவத்திலிருந்தே வளர்ந்தது. மாணவர்கள் தமக்கான முகமூடிகளைத் தாமே செய்தனர். குறித்த உணர்ச்சி எதனையும் காட்டாத முகமூடியை அணிந்தவன், கண்ணசைவாலோ புன்னகையாலோ தப்பித்துக்கொள்ள முடியாது. கழுத்தின் திருப்பம், மூச்சின் வேகம், அடியெடுத்து வைக்கும் பாரம் ஆகியவையே அவனது மொழியாகின்றன. தேவையற்ற ஓர் அசைவுகூடப் பொய்யாகத் தெரிந்துவிடும். உடற்பயிற்சியும் சர்க்கஸ் வித்தைகளும்கூட அங்கு பாடங்களாயின. 1924இல் மாணவர்கள் ஜப்பானிய நோ நாடகமொன்றைத் தயாரித்தனர். நடிகர் ஒருவர் காயமுற்றதால் அது பொதுமக்கள் முன் மேடையேறவில்லை.

அதே ஆண்டில் கொப்போ தமது அரங்கை மூடினார். கடனும் களைப்பும் அதற்குக் காரணங்களாக இருந்தன என்பது உண்மையே. ஆயினும், அரங்கா, பயிற்சியா என்ற கேள்வி எழுந்தபோது அவர் பயிற்சியையே தெரிவுசெய்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. மாணவர்களுடன் பர்கண்டிக் கிராமப்புறத்துக்குச் சென்றார். கொப்பியோ என்று ஊரவர் அழைத்த அக்குழு, சந்தைத் திடல்களிலும் திராட்சை அறுவடை விழாக்களிலும் முகமூடி நாடகங்களை நடித்தது. 1929இல் அதுவும் கலைந்தது. 1940இல் பிரான்ஸின் தேசிய அரங்கான கொமெடி பிரான்சேஸின் பொறுப்பை ஏற்ற அவர், ஜேர்மன் ஆக்கிரமிப்பின் அழுத்தத்தால் 1941இல் விலக நேர்ந்தது. 1949 ஒக்டோபர் 20ஆம் திகதி பர்கண்டியிலேயே அவர் காலமானார்.

அவர் திறந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அவர் கையைவிட்டு நழுவின. பயிற்சியோ நிலைத்தது. பாடசாலையில் பயின்ற எத்தியேன் தெக்ரு, ஊமம் எனப்படும் பேச்சற்ற நடிப்பைத் தனிக்கலையாக வளர்த்தார்; மார்செல் மார்சோ அவரிடம் கற்றவர். மருமகன் ஜான் தாஸ்தேயிடம் முகமூடியை அறிந்த ஜாக் லெகோக், 1956இல் பாரிஸில் தொடங்கிய பாடசாலை உலகெங்கிலுமிருந்து மாணவர்களை ஈர்த்தது. கொப்போவின் உடன்பிறந்தாரின் மகன் மிஷேல் சான் தெனி, லண்டனிலும் நியூயோர்க்கிலும் நடிகர் பயிற்சிக்கு வித்திட்டார்.

வசனத்தை மனனம் செய்வித்து, ஒப்பனையிட்டு மேடையேற்றினால் நடிகன் உருவாகிவிடுவான் என்ற எண்ணம் இன்னும் பரவலாகவே உள்ளது. பரிசும் கைதட்டலும் அன்றே கிடைத்துவிடுகின்றன. பயிற்சியின் பலனோ ஒரு தலைமுறை கழித்தே தெரிகின்றது. அதுவரை காத்திருக்கும் துணிவு ஆசிரியருக்கும் வேண்டும், அவரை ஆதரிக்க வேண்டிய சமூகத்துக்கும் வேண்டும் என்பதே கொப்போவின் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடமாகும்.