வானத்துக்கு மேகம் வரைஞ்ச கேப்டன்: லின்னேயஸ் ட்ரைப்

டெக்ஸ்சர் லேயர் போடாத ஆள் நம்ம காலேஜ்ல யாராவது இருக்கீங்களா? சிம்போசியம் போஸ்டர்ல ஆரம்பிச்சு இன்ஸ்டா ஸ்டோரி வரைக்கும், பழைய பேப்பர், கீறல் விழுந்த சுவர், துரு பிடிச்ச தகரம்னு ஏதோ ஒண்ணு மேல ஏறி உட்கார்ந்திருக்கும். மதுக்கரைக்காரங்களுக்கு இதெல்லாம் டவுன்லோடு பண்ணவே வேண்டாம். சுண்ணாம்புக்கல் பாறையும், சிமெண்ட் தூசி படிஞ்ச சுவரும் வாசலிலேயே இருக்கு. போனை எடுத்து ஒரு கிளிக், அதைப் படத்துக்கு மேல வெச்சு பிளெண்ட் மோடு மாத்தினா வேலை முடிஞ்சது.

இதே வேலையை 170 வருஷத்துக்கு முன்னாடி, கரண்ட் இல்லாத ஊர்ல, தூரிகையும் வெயிலும் வெச்சு ஒருத்தர் செஞ்சார். தஞ்சாவூர், மதுரை, திருச்சி, ஸ்ரீரங்கத்தோட ஆரம்பகாலப் புகைப்படங்கள்ல மிகச் சிறந்தவை அவர் எடுத்தவைதான். பேர் லின்னேயஸ் ட்ரைப்.

சிப்பாய் கையில கேமரா

ட்ரைப் பிறந்தது 1822ல், இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுக ஊரில். பன்னிரண்டு பிள்ளைகள் இருந்த பெரிய குடும்பம். 1838ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் சேர்ந்தார். பத்து வருஷத்துக்கு மேல அவர் வெறும் ராணுவ அதிகாரிதான், கேமராவுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை.

1850ல் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனார். அங்கே புகைப்படம் புதுசா சூடு பிடிச்சிருந்த நேரம். அவரும் கத்துக்கிட்டார். 1853ல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கினப்போ அதில் உறுப்பினரானார். 1854ல் பெங்களூருக்குத் திரும்பும்போது பெட்டியில கேமராவும் வந்தது. அந்த வருஷக் கடைசியிலேயே ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855ல் சென்னையில நடந்த பெரிய கண்காட்சியில அந்தப் படங்கள் பரிசு வாங்கின.

அதே வருஷம் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பர்மா அரசரிடம் ஒரு தூதுக்குழு அனுப்பினார். அதில் புகைப்படக்காரராக ட்ரைப் போனார். 1852ல் நடந்த போரில் பர்மாவின் கீழ்ப்பகுதியைக் கம்பெனி பிடிச்சு மூணு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட இடத்துக்குக் கேமரா போனது அழகு பார்க்க மட்டும் இல்லைங்கறதையும் நாம மறக்கக் கூடாது. ஐராவதி நதியில கப்பலில் போய் மழைக்காலத்துல வேலை. உடம்பும் சரியில்லை. ஆனாலும் 200க்கு மேற்பட்ட நெகட்டிவோட திரும்பினார். அதில் 120 படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொண்ணுலயும் 50 பிரதி போடச் சொல்லி உத்தரவு. மொத்தம் 6,000 பிரிண்ட். ஒவ்வொண்ணும் வெயிலில் வெச்சு எடுக்க வேண்டியது. பெங்களூர்ல உதவியாளர்களோடு உட்கார்ந்து 1857 வரைக்கும் அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தார்.

பேப்பர்தான் நெகட்டிவ்

அவர் எப்படி வேலை செஞ்சார்னு புரிஞ்சாத்தான் அடுத்தது புரியும். ட்ரைப் அதிகமா பயன்படுத்தினது பேப்பர் நெகட்டிவ். சாதாரண எழுதுற பேப்பர் மாதிரி ஒண்ணுல வெள்ளி உப்பு ஏத்தி, கேமராவுக்குள்ள வெச்சு வெளிச்சம் காட்டுவாங்க. அவரோட கேமராவில நெகட்டிவ் சுமார் 12க்கு 15 இஞ்ச். பெரிதாக்கும் வசதி கிடையாது. நெகட்டிவ் என்ன சைஸோ பிரிண்டும் அதே சைஸ். நெகட்டிவை உப்புத் தாள் மேல வெச்சு அழுத்தி வெயிலில் காட்டினா பிரிண்ட் ரெடி.

பேப்பர்னா நார் இருக்கும். வெளிச்சம் அந்த நார் வழியா புகுந்து வரும்போது நாரோட வடிவமும் படத்தில விழும். அதைக் குறைக்கத்தான் பேப்பருக்கு மெழுகு பூசி கண்ணாடி மாதிரி ஆக்கினாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அவர் மெழுகு பூசி மறைக்கப் பாடுபட்ட அதே பேப்பர் நாரைத்தான் இன்னைக்கு நாம விண்டேஜ் டெக்ஸ்சர்னு தேடி எடுத்துப் படத்துக்கு மேல போடறோம்.

இன்னொரு சிக்கல் வானம். அந்தக் கால வெள்ளி உப்புக்கு நீல வெளிச்சம்தான் நல்லாத் தெரியும், பச்சையும் சிவப்பும் ரொம்பக் குறைவு. கோபுரம் சரியா விழற அளவுக்கு நேரம் கொடுத்தா, வானம் மொத்தமா வெளுத்துப் போயிரும். மரமோ கருப்புத் திட்டாகும், காத்துல ஆடினா கலங்கியும் போகும். கண்ணால பார்த்த மேகமும் இலையும் படத்துல காணோம்.

ட்ரைப் நெகட்டிவைத் திருப்பி, அதன் பின்பக்கத்துல தூரிகையால சாயம் தீட்டினார். சாயம் இருக்கிற இடத்துல வெளிச்சம் புகாது. அதனால பிரிண்டில அந்த இடம் வெளிறித் தெரியும். வானத்துல தீட்டினா மேகம். மரத்துல புள்ளி புள்ளியா வெச்சா வெயில் பட்ட இலை. அசல் படம் ஒரு பக்கம், சாயம் இன்னொரு பக்கம், நடுவுல ஒரே ஒரு தாள். லேயர்னா இதைவிட நேரடியா எப்படிச் சொல்றது?

கொஞ்சம் கணக்கு

நாம இன்ஜினியரிங் பசங்க, கணக்கு இல்லாம விட மாட்டோம். போட்டோஷாப்ல ஸ்கிரீன்னு ஒரு பிளெண்ட் மோடு இருக்குல்ல? அதோட சூத்திரம் 1 − (1 − அ) × (1 − ஆ). அ, ஆ ரெண்டும் ரெண்டு லேயரோட வெளிச்ச அளவு. 0ன்னா கருப்பு, 1ன்னா வெள்ளை.

இப்ப ட்ரைப்போட தாளைப் பாருங்க. நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ். படத்துல அ அளவு வெளிச்சம் வரணும்னா நெகட்டிவ் (1 − அ) பங்கு வெளிச்சத்தை விடும். சாயம் (1 − ஆ) பங்கை விடும். ரெண்டையும் தாண்டி வரும் வெளிச்சம் ரெண்டோட பெருக்கல். அந்த வெளிச்சம் பிரிண்டைக் கருப்பாக்கும், அதனால 1ல இருந்து கழிச்சா மிஞ்சுறதுதான் படத்தோட வெளிச்சம். ஸ்கிரீன் மோடேதான்! வானம் 0.6, சாயம் 0.5ன்னா 1 − 0.4 × 0.5, அதாவது 0.8. சாம்பல் வானத்துல வெள்ளை மேகம் வந்தாச்சு. நிஜத்தில் ரசாயனம் இவ்வளவு நேர்கோட்டுல நடக்காது, ஆனா அடிப்படை இதுதான்.

நம்ம ஊர்ப் பயணம்

1856ல் சென்னை அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமிச்சது. 1857 டிசம்பரில் தெற்கே கிளம்பினார். வடக்கே பெரிய கிளர்ச்சி நடந்துக்கிட்டிருந்த நேரம் அது. சேலம் மாவட்டத்து ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறுன்னு சில மாசத்துல சுத்தி முடிச்சார். 1858ல் இந்த இடங்களோட படங்கள் ஆல்பங்களா வந்தது. மதுரையில புது மண்டபம், தெப்பக்குளம், திருமலை நாயக்கர் அரண்மனை எல்லாம் இருக்கு. அரண்மனையைப் பழுது பார்க்கிறதுக்கு முன்னாடி அது எப்படி இடிஞ்சு கிடந்ததுன்னு இன்னைக்கு நாம பார்க்க முடியறது இதனாலதான். ஆள் நடமாட்டம் மட்டும் அந்தப் படங்கள்ல ரொம்பக் குறைவு. நீண்ட எக்ஸ்போஷர்ல அசையறவங்க பதிய மாட்டாங்க.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செஞ்சதுதான் உச்சம். விமானத்தோட அடிப்பகுதியைச் சுத்தி ஓடும் கல்வெட்டை, கேமராவை நகர்த்தி நகர்த்தி 21 படங்களா எடுத்து, ஒண்ணா ஒட்டி, சுமார் 19 அடி நீளப் பனோரமா ஆக்கினார். நாம போனை ஆட்டாம பிடிச்சு சுத்தினா சாஃப்ட்வேர் ஒட்டிக்கொடுக்கும். அவர் ஒவ்வொரு தடவையும் தூரமும் உயரமும் மாறாம வெச்சாத்தான் வரிக்கு வரி பொருந்தும். தஞ்சைக் கல்வெட்டுகளை ஹுல்ஷ் படிச்சு அச்சில் கொண்டு வந்தது 1890களில்தான். அதுக்கு முப்பது வருஷத்துக்கு மேல முன்னாடி, தமிழ் எழுத்தாளும் கல்லாளும் ஆன அந்தச் சுவர் தாளில் ஏறிடுச்சு.

இங்கேதான் நமக்கு ஒரு கேள்வி வரணும். அரசாங்க ஆவணத்துக்காகப் படமெடுக்க வந்தவர் மேகத்தைக் கையால வரையலாமா? அது பொய் இல்லையா? என் கருத்தைச் சொல்றேன். வானத்துல மேகம் இருந்தது, கேமராவுக்குத்தான் கண் தெரியலை, அந்தக் குறையை அவர் ஈடு செஞ்சார்னு வாதாடலாம். ஆனா அன்னைக்கு, அந்த இடத்துல, அதே வடிவ மேகம் இருந்துச்சான்னு யாருக்கும் தெரியாது. வானிலை ஆராய்ச்சிக்கு அந்த வானம் உதவாது. கோபுரத்துக்குப் பின்னாடி ஆழம் காட்ட உதவும். அதாவது எந்தக் கேள்விக்குப் படம் பதில் சொல்லணுமோ, அந்த இடத்துல லேயர் கை வைக்கக் கூடாது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல விரிசல் விட்ட கான்கிரீட் படத்துக்கு டெக்ஸ்சர் போட்டா அது தப்பு. அதே சுவரைப் போஸ்டருக்குப் பின்னணியா வெச்சா தப்பே இல்லை.

திடீர்னு நின்ன வேலை

1859ல் சென்னைக்குப் புது கவர்னர் வந்தார், சார்லஸ் ட்ரெவெலியன். கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா காலி. புகைப்படம் எல்லாம் இப்போ தேவையில்லாத ஆடம்பரம்னு முடிவு பண்ணி, வேலையை நிறுத்தச் சொல்லிட்டார். ட்ரைப் அப்போ நாற்பது வயசைக்கூடத் தொடலை. பட்ஜெட் கட்னா என்னன்னு நம்ம கிளப் நடத்துறவங்களுக்குத் தெரியும், ஆனா இது ஒருத்தரோட மொத்தக் கலையையும் முடிச்சு வெச்ச கட். அவர் ராணுவ வேலைக்குத் திரும்பினார். பத்து வருஷம் கழிச்சு பர்மாவில சில படங்கள் எடுத்ததோட சரி. 1870களில் ஓய்வு பெற்று, பிறந்த ஊருக்கே போய், 1902ல் காலமானார்.

மும்முரமா அவர் கேமரா பிடிச்சது ஆறே வருஷம். 2014ல வாஷிங்டனில் தொடங்கி நியூயார்க், லண்டன்னு அவர் படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தோட இணையதளத்துல அவர் படங்கள் நிறைய இருக்கு, காசு வேண்டாம். அடுத்த தடவை டெக்ஸ்சர் தேடும்போது அங்கே ஒரு எட்டு போய், வானத்தை மட்டும் ஜூம் பண்ணிப் பாருங்க. எது மேகம், எது தூரிகைன்னு கண்டுபிடிக்க முடியுதான்னு சொல்லுங்க.