பதிகத்தின் முதற்றாய்

காரைக்காலில் வணிகர் குலத்துதித்த புனிதவதியார், மாங்கனி அற்புதங் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் பிரிந்தபின், அழகுடம்பை உதறிப் பேய்வடிவம் வேண்டிப் பெற்றார். தலையால் நடந்து கயிலையேறி, இறைவனால் அம்மையென விளிக்கப்பெற்றார்.

திருவாலங்காட்டில் அம்மையார் அருளிய பதிகம் 2, பாட்டு 22. ஒன்றன் பண் நட்டபாடை; மற்றையதன் பண் இந்தளம். தேவார மூவர்க்கும் முற்பட்டமையின் இவை மூத்த திருப்பதிகம் எனப்பட்டன. அம்மையார் தலையால் நடந்த அப்பதியை மிதித்தற்குத் திருஞானசம்பந்தர் அஞ்சினாரெனச் சேக்கிழார் கூறுவர். நம் பதிக இசைக்கு வாயில் திறந்தவர் ஒரு பெண்மணியே என்பதை நாம் மறத்தலாகாது.

நுவரெலியா, ஹற்றன் தோட்டங்களிற் கொழுந்து கொய்யுந் தாயரின் புதல்வியர், பாட்டியற்றுதல் ஆடவர்க்கே உரியதென எண்ணி வளர்தல் தகுமோ? பங்குனிச் சுவாதியில் வரும் அம்மையார் குருபூசையன்று, ஆசிரியராகிய நாம் இப்பதிகங்களைப் பண்ணோடு பயிற்றி, சிறுமியர் தாமே ஒரு பாட்டேனும் இயற்ற ஊக்குவோமாக.