வானிலிருந்து எண்ணியவர்

கிழக்கு ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரிக்கும் ஙொரொங்கோரோ எரிமலை மேட்டுக்கும் இடையே பரந்து கிடப்பது செரங்கெட்டிப் புல்வெளி. மழைக்காலத்தில் அதன் தென்கிழக்குப் பகுதியில் குட்டையான புல் தழைக்கும். அப்போது வரிக்குதிரைகளும் சிறுமான்களும், எருதின் தலையும் குதிரையின் பிடரியும் கொண்ட வில்டபீஸ்ட் மான்களும் அங்கே திரளும். மழை ஓய்ந்து நிலம் காய்ந்ததும் அவையெல்லாம் நீர் தேடி மேற்கிலும் வடக்கிலும் உள்ள மரக்காடுகளுக்குப் பெயரும். மீண்டும் மழை வந்தால் திரும்பி வரும். இந்த நடை ஆண்டுதோறும் நிகழ்வது.

அப்பகுதி அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தாங்கனிக்கா நாட்டைச் சேர்ந்தது. அதுவே இன்றைய தான்சானியா. செரங்கெட்டி 1951ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா ஆயிற்று. சில ஆண்டுகளிலேயே பூங்காவின் கிழக்குப் பகுதியைத் தனியே பிரித்துவிட அரசு எண்ணியது. மாசாய் மக்கள் தம் மாடுகளை மேய்க்க நிலம் வேண்டும் என்பது அதற்குக் காரணம். வரைபடத்தில் புதிய எல்லைக்கோடு தயாராயிற்று. ஆனால் அக்கோட்டுக்கு உள்ளே எத்தனை விலங்குகள் உள்ளன, அவை எந்த மாதத்தில் எங்கே செல்கின்றன என்பதைத் திட்டமாக அறிந்தவர் எவருமில்லை. பத்து லட்சத்திற்கு மேல் இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொல்லி வந்தனர்.

இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்றவர் பெர்ன்ஹார்டு கிஷிமெக். அவர் ஜெர்மனியின் சிலேசியப் பகுதியில், நைசே என்னும் ஊரில் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் பிறந்தார். கால்நடை மருத்துவம் பயின்று முனைவர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் பிராங்பர்ட் நகர விலங்குக் காட்சிசாலையின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். குண்டுவீச்சில் கூண்டுகள் இடிந்து, பெரிய விலங்குகளில் மிகச் சிலவே எஞ்சியிருந்த காலம் அது. மக்கள் உணவுக்கே அல்லாடிய அந்நகரில், அந்த இடத்தை மீண்டும் உயிர்கள் வாழும் இடமாக்கினார். அப்பணியில் 1974 வரை நீடித்தார்.

அவருடைய மகன் மைக்கேல் இளமையிலேயே தந்தையின் துணைவராக வளர்ந்தார். இருவரும் ஆப்பிரிக்கக் காடுகள் சுருங்கிவருவதைப் பற்றி 1956இல் ஒரு திரைப்படம் எடுத்தனர். படம் நல்ல வருவாய் ஈட்டியது. அப்பணத்தைக் கொண்டு செரங்கெட்டியை ஒட்டிய நிலத்தை வாங்கிப் பூங்காவோடு சேர்த்துவிட விரும்பினர். ஆனால் அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களின் தலைவர் வேறொரு யோசனை சொன்னார். நிலம் வாங்குவதைவிட விலங்குகளின் எண்ணிக்கையையும் வழித்தடத்தையும் கண்டறிந்து தருவதே அவ்வேளையில் பெரிய உதவி என்றார் அவர். தந்தையும் மகனும் அதை ஏற்றனர்.

பல்லாயிரம் சதுரக் கிலோமீட்டர் நிலத்தில் ஓடித்திரியும் விலங்குகளை ஊர்தியில் சென்று எண்ண முடியாது. ஆகவே விமானம் தேவைப்பட்டது. இருவரும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டனர். தந்தைக்கு அப்போது வயது 48. குறுகிய இடத்திலும் இறங்கி ஏறவல்ல டோர்னியர் சிறு விமானம் ஒன்றை வாங்கி, அதன்மீது வரிக்குதிரையைப் போலக் கறுப்பு வெள்ளைக் கோடுகளைத் தீட்டினர். 1957 டிசம்பரில் பிராங்பர்ட்டிலிருந்து அவ்விமானத்திலேயே ஆப்பிரிக்காவை நோக்கிப் புறப்பட்டனர்.

அடுத்த மாதமே எண்ணும் பணி தொடங்கியது. நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஏர் உழும் சாலைபோல நேர்கோடாகப் பறந்து சென்று திரும்பினர். விமானத்தில் இருந்தவர்கள் இருபுறமும் பார்த்து எண்ணிக் குறித்தனர். சிதறி மேயும் விலங்குகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். நெருங்கித் திரண்ட மந்தைகளை அவ்வாறு எண்ண முடியாது. வெயிலில் கண்கள் கூசும்; தாழப் பறக்கும்போது காற்று விமானத்தை உலுக்கும். மணிக்கணக்கில் ஒரே வேலை. வீரச் செயல் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. பொறுமைதான் அதற்கு வேண்டியிருந்தது.

கிடைத்த விடை 3,66,980. அதில் வில்டபீஸ்ட் 99,481; வரிக்குதிரை 57,199; எஞ்சியவற்றில் பெரும்பகுதி சிறுமான்கள். குத்துமதிப்பாகச் சொல்லி வந்ததில் பாதிகூட இல்லை.

எண்ணியதோடு அவர்கள் நிற்கவில்லை. விலங்குகளைப் பிடித்து, தொலைவிலிருந்தும் அடையாளம் தெரியும்படி நிறப் பட்டைகளைக் கழுத்தில் கட்டி விட்டனர். மந்தைகள் செல்லும் வழியை மாதந்தோறும் வானிலிருந்து பின்தொடர்ந்து வரைபடத்தில் குறித்தனர். அவை விரும்பி மேயும் புல் வகைகளையும் சேகரித்தனர். விலங்குகள் நீரை மட்டும் தேடி அலையவில்லை, குறிப்பிட்ட புல்லை நாடியே நடக்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. அரசு வகுத்த எல்லைக்கோட்டை அந்தப் பாதைகள் பல இடங்களில் தாண்டிச் சென்றன. மழைக்காலத்தில் பெருமந்தைகள் தங்கும் சமவெளியின் ஒரு பகுதி பூங்காவுக்கு வெளியே விடப்பட்டிருந்தது.

பணி முடியும் தறுவாயில், 1959 ஜனவரி 10ஆம் நாள், மைக்கேல் தனியே விமானத்தில் பறந்துகொண்டிருந்தார். பிணந்தின்னிக் கழுகு ஒன்று இறக்கையில் மோதியது. விமானத்தை இயக்கும் கம்பிகள் சிக்கிக்கொள்ள, அது கட்டுப்பாடிழந்து தரையில் விழுந்தது. மைக்கேல் அங்கேயே உயிரிழந்தார். அவருக்கு வயது 24. ஙொரொங்கோரோ எரிமலைக் குழியின் விளிம்பில் அவரை அடக்கம் செய்து, கற்களை அடுக்கிக் கூம்பு வடிவில் நினைவுச் சின்னம் எழுப்பினர்.

தந்தை தனியே நாடு திரும்பி, இருவரும் தொடங்கிய நூலையும் திரைப்படத்தையும் முடித்தார். செரங்கெட்டி அழியக்கூடாது என்பதையே இரண்டுக்கும் தலைப்பாக்கினார். நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. படம் 1960இல் சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

ஆயினும் எல்லைக்கோடு அவர் விரும்பியவாறு அமையவில்லை. 1959இல் ஙொரொங்கோரோ பூங்காவிலிருந்து பிரிக்கப்பட்டு, மாசாய் மக்களும் விலங்குகளும் சேர்ந்து வாழும் தனிப் பாதுகாப்புப் பகுதியாயிற்று. வடக்கே கென்யா எல்லை வரை புதிய நிலம் பூங்காவோடு சேர்ந்தது. பூங்காவுக்குள் வாழ்ந்த மாசாய் மக்கள் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. தேசியப் பூங்காவில் மனிதர் குடியிருக்கலாகாது என்பதில் கிஷிமெக் உறுதியாக இருந்தார். ஆனால் மாசாய் மக்கள் மாடு மேய்ப்பவர்கள். காட்டு விலங்குகளை உணவுக்காகக் கொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாக மேய்த்த நிலத்தில்தான் அத்தனை மந்தைகளும் வாழ்ந்து வந்தன. இவ்வுண்மைக்கு அவர் உரிய இடம் தரவில்லை. நிலம் இழந்தவர்களின் குறை இன்றும் தீரவில்லை.

விலங்குகள் குறைந்திருந்ததற்கு மற்றொரு காரணமும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்பிரிக்காவில் பரவிய வெக்கை நோய், மாடுகளோடு வில்டபீஸ்ட் மான்களையும் தாக்கி வந்தது. சுற்றுப்புற மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டு நோய் ஒழிந்ததும் மான்கள் பெருகின. 1970களின் இறுதியில் அவற்றின் எண்ணிக்கை 13 லட்சத்தை எட்டியது. பெருக்கத்தின் அளவை ஒப்பிட்டு அறிய, 1958இல் வானிலிருந்து எடுத்த அந்தக் கணக்கு உதவியது.

1961இல் நாடு விடுதலை பெற்றது. பூங்காக்களைக் காக்கப் பணம் வேண்டும். பணம் வரப் பயணிகள் வரவேண்டும். கிஷிமெக் ஜெர்மன் தொலைக்காட்சியில் பல்லாண்டுகளாக விலங்கு நிகழ்ச்சி நடத்தி வந்தவர். குறைந்த செலவில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சுற்றுலா செல்லலாம் என்று ஒருநாள் அதில் அறிவித்துவிட்டார். அப்படியொரு சுற்றுலாவே அப்போது இல்லை! மக்கள் பயண நிறுவனங்களை மொய்த்துக் கேட்கவே, நிறுவனங்கள் அதை ஏற்பாடு செய்ய நேர்ந்தது. உண்மைக்குப் புறம்பான அறிவிப்புத்தான். எனினும் பூங்காக்களுக்கு அதனால் வருவாய் வந்தது.

செரங்கெட்டியில் மைக்கேல் பெயரால் ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. அதன் வழியாக 1966இல் செரங்கெட்டி ஆய்வு நிறுவனம் உருவாயிற்று. பல நாட்டு அறிவியலாளர் அங்கே தங்கி, சிங்கம், கழுதைப்புலி, யானை, புல், தீ என ஒவ்வொன்றையும் ஆராய்ந்தனர்.

1987 மார்ச் 13ஆம் நாள் பிராங்பர்ட்டில் சர்க்கஸ் கூடாரத்தில் புலிகளின் காட்சியைக் கண்டுகொண்டிருந்தபோது கிஷிமெக் உயிர் நீத்தார். அவருடைய அஸ்தி ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, எரிமலை விளிம்பில் மகனின் கற்கூம்பு அருகே அடக்கம் செய்யப்பட்டது.