கதைகளுக்குக் குரல் தந்த சங்கரதாஸ் சுவாமிகள்

பழைய காதற் காவியங்கள் ஒவ்வொரு தலைமுறையிடமும் புதுக்கோலம் பூண்டே சென்று சேர்கின்றன. ஜப்பானில் பதினோராம் நூற்றாண்டில் முரசாக்கி என்னும் பெருமாட்டி இயற்றிய கெஞ்சிக் கதையை, யமாத்தோ வாக்கி என்னும் பெண் ஓவியர் 1979ஆம் ஆண்டு முதல் ‘மாங்கா’ எனப்படும் படக்கதையாக வரைந்தளித்தார். மூலநூலின் கடுநடைக்கு அஞ்சிய இளைஞர் பலர் அவ்வழியே காவியத்துள் புகுந்தனர். எழுத்தறியா மக்கள் மிகுந்திருந்த தமிழகத்தில் இதற்கு நெடுங்காலம் முன்பே இத்தகைய பணியை மேடையின் வாயிலாகச் செய்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவரை ஈன்றது முத்துக்குளித்துறையாகிய தூத்துக்குடிச் சீமை.

1867ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரன், இராமாயணப் புலவர் என ஊரார் போற்ற வாழ்ந்தவர். தந்தையிடம் தொடங்கிய தமிழ்க் கல்வி, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் முதிர்ச்சி பெற்றது. வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாடலும் இளமையிலேயே அவருக்குக் கைவந்தன. ஆயினும் வயிற்றுப்பாடு அவரை உப்பளத்துக் கணக்கர் வேலைக்கு அனுப்பியது. முத்தும் சங்கும் உப்பும் கொழும்புக் கப்பலுமாக விளங்கிய துறைமுகச் சூழலில், பகலெல்லாம் உப்புக் கணக்கு எழுதிய கை, நாடகப் பாட்டெழுதவே துடித்தது.

1891ஆம் ஆண்டு, தம் 24ஆம் வயதில், அவர் கணக்கேட்டை மூடி வைத்துவிட்டு நாடகத்துறை புகுந்தார். அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அச்சபை ஆங்கிலம் பயின்றோர் ஓய்வு நேரத்தில் கலை வளர்த்த இடம். சுவாமிகள் புகுந்ததோ, ஊரூராய்ச் சென்று கூத்தாடிப் பிழைத்தோரின் உலகம். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்களில் அவருடைய தோற்றமும் குரலும் அவையோரை நடுங்கச் செய்தன. ஒரு முறை, நள நாடகம் முடிந்த விடியற்காலையில் சனீசுவரன் வேடம் கலையாமல் நீர்நிலைக்குச் சென்ற அவரை எதிரே கண்ட கர்ப்பிணிப் பெண் அஞ்சி வீழ்ந்து உயிர்நீத்தாள் என்பது நாடக உலகில் வழங்கிவரும் செய்தி. அதன்பின் அவர் வேடம் புனைவதை விடுத்தார். துறவுக்கோலம் பூண்டு தலங்கள்தோறும் சென்றார். அவரை மகனாக ஏற்று ஆதரித்து, மீண்டும் நாடகத்துக்கே மீட்டுத் தந்தவர் கஞ்சிரா மேதை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. நடிகராகச் சென்றவர் ஆசிரியராகத் திரும்பினார்.

அக்காலத்து நடிகர்கள் கதையின் போக்கை மட்டும் அறிந்துகொண்டு, உரையாடலை மேடையிலேயே மனம்போனபடி பேசினர். காதற் காட்சிகள் பெரும்பாலும் கொச்சைப் பேச்சில் சென்று முடிந்தன. சுவாமிகள் அங்கே எழுதப்பட்ட பிரதியைக் கொண்டுவந்து வைத்தார். அல்லியின் கதையும் பவளக்கொடியின் கதையும் அந்நாளில் ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்களாக, மரக்கட்டைச் சித்திரங்களுடன் சந்தைகளில் விற்றன. அவர் அவற்றை வெறுத்து ஒதுக்கவில்லை, நாடகங்களாக்கினார். வள்ளியின் காதலும் கோவலன் வரலாறும் சாவித்திரியின் உறுதியும் அவர் கையில் புத்துருப் பெற்றன. வடமொழி மிருச்சகடியையும் சேக்சுபியரின் ரோமியோ ஜூலியத்தையும் தமிழ் மேடைக்கு ஏற்றபடி அமைத்தார். வெண்பா, விருத்தம், சந்தம் ஆகியவற்றுடன் கர்நாடக இசையும் இந்துஸ்தானி மெட்டும் கலந்தன. திருக்குறட் கருத்துகள் உரையாடலில் இயல்பாக இழைந்தன. நூல் தொட்டறியாத உழவனும் பரதவனும் விடியும்வரை விழித்திருந்து அவற்றைக் கேட்டனர்.

இவ்வாறு கதையை எளிமையாக்குவது காவியத்தைத் தாழ்த்துவதாகுமா என்னும் ஐயம் அன்றும் இருந்தது. மதுரையில் கோவலன் நாடகம் நடந்தபோது, அவ்வூராரைப் பெரும் பாவிகள் என்று சுட்டும் ஒரு சொல் பாட்டில் வந்ததாகக் கேட்டோர் கொதித்தெழுந்தனர். சுவாமிகளோ, அச்சொல்லின் எழுத்துகளைப் பிரித்துத் திருமகள், கலைமகள், மலைமகள் மூவரும் கூடி வாழும் நகரம் என்று பொருள் காட்டினார். எளியோர்க்கு எழுதுபவருக்கும் ஆழ்ந்த புலமை வேண்டும் என்பது அவையோர்க்கு அன்று விளங்கியது.

வளர்ந்த நடிகர்களிடம் ஒழுங்கு காணாது சலித்த அவர், 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையை நிறுவினார். ஆறு வயதுச் சிறுவனாக அதில் சேர்ந்த தி. க. சண்முகம் பின்னாளில் ‘ஔவை’ சண்முகமாகப் புகழ்பெற்றார். அச்சிறுவனுக்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார். காதல் இன்னதென்று அறியாத சிறுவர்கள் காதற் பாடல்களைப் பிழையின்றிப் பாடினர். கடும் பயிற்சியும் ஊர்ப்பயணமுமாகக் கழிந்த அவர்தம் பிள்ளைப் பருவமே அதற்கு அவர்கள் தந்த விலை.

1921ஆம் ஆண்டு சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின, நாவும் அடங்கிற்று. எத்தனையோ பாத்திரங்களுக்குப் பேச்சளித்தவர் தாம் பேச இயலாதவரானார். அந்நிலையிலும் சபையோடு ஊர்தோறும் சென்று, தம் சொற்களைச் சிறுவர்கள் பேசக் கேட்டபடியே வாழ்ந்தார். 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் உயிர் பிரிந்தது. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் எழுதிய நாடகங்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை என்பர். அவற்றுள் பல அச்சேறாமலே அழிந்தன. எஞ்சியவற்றைக் காத்தவை நடிகர்களின் நாவும் நினைவும். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கடல் கடந்து கொழும்பு மேடையில் வள்ளி திருமணத்தைப் பாடினர். பவளக்கொடியின் கதை 1934ஆம் ஆண்டு திரைப்படமாகித் தியாகராஜ பாகவதரைத் திரைக்கு அளித்தது. இன்றும் தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் தினைப்புனத்து வள்ளி விடியும்வரை வேலனோடு வாதிடுகிறாள். உப்பளத்துக் கணக்கேட்டை மூடிவிட்டு வந்த ஒருவர் எழுதித் தந்த வாதம் அது. அவர் பெயரை அறியாதாரும் அதனைக் கேட்டு மகிழ்கின்றனர்.