பிறர் கண்களால் பிறந்த பெருங்காவியம்

வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார் ஆங்கிலத்தினின்று ஒரு பகுதியைத் தமிழ்ச் செய்யுளாக்கிச் ‘சுவர்க்க நீக்கம்’ எனப் பெயரிட்டளித்த பெருங்காவியத்தை, அதன் ஆசிரியர் ஜான் மில்டன் தம் கையால் எழுதினாரல்லர். எழுதிய ஏட்டைக் கண்ணுற்றாருமல்லர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அதன் அடிகள் அவர் சொல்லப் பிறர் எழுதியவை.

1608ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்த மில்டன், இளமை முதலே நள்ளிரவு வரை விளக்கொளியில் பயின்றவர். மன்னராட்சி நீங்கிக் குடியரசு அமைந்த 1649ஆம் ஆண்டில், அயல்நாட்டுக் கடிதப் போக்குவரத்துக்குரிய செயலராக அமர்ந்தார். அப்போதே இடக்கண் ஒளி மங்கியிருந்தது. எழுத்துப்பணி எஞ்சிய பார்வையையும் பறிக்கும் என மருத்துவர் எச்சரித்தும், குடியரசுக்காக வாதிடும் நூலை எழுதி முடித்தார். 1652இல் இரு கண்களும் முற்றிலும் இருண்டன. அவ்வாண்டிலேயே மனைவியையும் ஒரே மகனையும் இழந்தார். தாயற்ற பெண்மக்கள் மூவர் எஞ்சினர். 1660இல் மன்னராட்சி மீண்டபோது அவர் நூல்கள் எரிக்கப்பட்டன. அவரும் சிறிது காலம் சிறையிருந்தார்.

இத்தனைக்கும் பிறகு அவரைத் தாங்கி நின்றது ஒழுங்கு பிறழாத நாள்முறை. விடியுமுன் எழுவார். எபிரேய விவிலியத்தை ஒருவர் படிக்கக் கேட்பார். பின்பு தனித்திருந்து சிந்திப்பார். இரவில் உள்ளத்தில் உருவான அடிகளை நினைவிலேயே காத்து, காலையில் எழுதுவோர் வந்ததும் சொல்லுவார். அவர் வரத் தாமதித்தால் மடி கனத்த பசுவைப் போல் தவிப்பார். சொன்னவற்றைத் திரும்பப் படிக்கச் செய்து, நாற்பது அடிகளை இருபதாகச் சுருக்குவதும் உண்டு. பிற்பகலில் தோட்டத்தில் நடப்பார், ஆர்கன் வாசிப்பார். தாமஸ் எல்வுட் என்னும் இளைஞர் இலத்தீன் நூல்களைப் படித்துக் காட்டி, அதன் வாயிலாகத் தாமும் கல்வி பெற்றார். மருமகன் எட்வர்டு பிலிப்ஸ் ஏடுகளின் எழுத்துப் பிழைகளைத் திருத்தினார்.

எல்வுட் விரும்பி வந்தவர். பெற்ற மக்களின் நிலை வேறு. மேரியும் டெபோராவும் கிரேக்கம், இலத்தீன், எபிரேயம் முதலிய மொழிகளின் எழுத்தொலிகளை மட்டுமே பழகி, பொருள் அறியாமலே தந்தைக்குப் படித்தனர். பயன் அவருக்கு, சலிப்பு அவர்களுக்கு. மனம் கசந்த அப்பெண்கள் இறுதியில் பூத்தையல் முதலிய கைத்தொழில் பயில வெளியே அனுப்பப்பெற்றனர். பார்வையிழந்தவருக்குத் துணை எத்துணை இன்றியமையாததோ, துணை நிற்போரின் உள்ளமும் அத்துணை மதிக்கத்தக்கது. தம் நாளையும் நினைவாற்றலையும் ஒழுங்குபடுத்தத் தெரிந்த மில்டன், இதில் தவறினார்.

காவியம் 1667இல் பத்துக் காண்டங்களாக வெளிவந்தது. பதிப்பாளர் சாமுவேல் சிம்மன்ஸ் முதலில் அளித்தது ஐந்து பவுன். 1674இல் அது பன்னிரு காண்டங்களாக மறுபதிப்புற்றது. அவ்வாண்டு நவம்பரில் மில்டன் மறைந்தார்.

டெபோரா மேலும் அரை நூற்றாண்டு வாழ்ந்தார். முதுமையில் தம்மைக் காண வந்தவர்களிடம், ஹோமர், ஓவிட் ஆகியோர் காவியங்களின் தொடக்க அடிகளை ஏடு பாராமலே ஒப்பித்தார். தந்தைக்காகப் பொருளறியாது படித்த அவ்வடிகள் அவர் நாவை விட்டு நீங்கவில்லை.